முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப் போறீங்களா? எல்லாரும் கேக்குற கேள்விகள்

கழுத்துல கேமரா தொங்குதுன்னாலே போதும், எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தில பக்கத்துல உக்காந்தவர்லேர்ந்து மாப்ள வீட்டு சித்தப்பா வரைக்கும் "தம்பி, நம்ம பையனுக்கு ஒண்ணு வாங்கணும், எது நல்லாருக்கும்"னு கேப்பாங்க. சாம்பார் ஆறிப்போகுது, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

டிஎஸ்எல்ஆர்னா உள்ள ஒரு கண்ணாடி வச்சு லென்ஸ் வழியாவே பாத்து எடுக்குற, லென்ஸ் மாத்துற கேமரா. அதுல ஆரம்ப மாடல்ங்கிறது வேற ஒண்ணும் இல்ல, பெரிய கேமரால இருக்குறதுல ஒவ்வொண்ணா கழட்டிட்டு விலையக் குறைச்சு விக்கிறது. படம் பதியிற சில்லு, அதான் சென்சார், அதுல அவ்ளோவா கை வைக்க மாட்டாங்க, ஏன்னா டப்பா மேல பெருசா போடுற மெகாபிக்ஸல் நம்பர் அதோடதுதான். டப்பால எழுதாத எடமாப் பாத்து கத்தரி வைப்பாங்க. அதனால எந்தக் கேமரால என்ன இருக்குன்னு பாக்குறத விட என்ன இல்லன்னு பாத்து வாங்குங்க.

இந்தக் காலத்துல போயி டிஎஸ்எல்ஆரா? எல்லாரும் மிரர்லெஸ்க்குப் போயிட்டாங்களே?

போயிட்டாங்கதான். மிரர்லெஸ்னா அந்த உள்கண்ணாடி இல்லாத புது ரகம். கேனான் கடைசியா புது டிஎஸ்எல்ஆர் விட்டது 2020ல, 850டி. நிக்கானும் அந்த வருஷம் டி780, டி6 விட்டதோட சரி. இனிமே புது மாடல் வரும்னு எதிர்பாத்து உக்காந்திருக்க வேணாம். ஆனா இதுல நமக்கு ஒரு நல்லது இருக்கு, மிரர்லெஸ்க்கு மாறுறவங்க எல்லாம் பழைய பாடி (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா), லென்ஸ்னு வித்துத் தள்றாங்க, பதினஞ்சு இருவது வருஷமா வந்த லென்ஸ் எல்லாம் செகண்ட் ஹேண்ட்ல சல்லிசா கெடைக்குது. மிரர்லெஸ்ல பாடிய எப்படியோ கஷ்டப்பட்டு வாங்கிடலாம், லென்ஸ் விலையக் கேட்டாதான் தலை சுத்தும்.

பேட்டரியும் ஒரு விஷயம். நிக்கான் டி3500ல ஒரு சார்ஜ்ல 1550 படம்னு கம்பெனி கணக்கு. மிரர்லெஸ்ல ஆரம்ப மாடலான கேனான் ஆர்50க்கு அது 400கூட வராது. ஊர்த் திருவிழா ரெண்டு நாள் எடுக்கணும், சார்ஜ் போட எடம் இல்லன்னா இது பெரிய வித்தியாசம்.

வீடியோதான் முக்கியம்னா இதுக்கு மேல படிக்கவே வேணாம், நேரா மிரர்லெஸ் பாருங்க. படம் எடுக்கக் கத்துக்கணும், கைல காசு கம்மின்னா டிஎஸ்எல்ஆர் இன்னைக்கும் தாராளமா வாங்கலாம்.

எந்தெந்த மாடலப் பாக்கணும்?

கேனான்ல 3000டி, 1500டி, 200டி, 200டி மார்க் 2. நிக்கான்ல டி3500, டி5600. இந்த ஆறுக்குள்ள முடிச்சுக்கோங்க. நிக்கான் ரெண்டும் உற்பத்தி நின்னு போச்சு, கடைல பழைய ஸ்டாக் கெடந்தா உண்டு, இல்லன்னா செகண்ட் ஹேண்ட்தான். வெளிநாட்டு ரிவ்யூ பாக்குறவங்களுக்கு ஒரு குழப்பம் வரும், நம்ம 1500டிக்கு ஐரோப்பால 2000டின்னு பேரு, அமெரிக்கால ரெபல் டி7 (T7). அதே மாதிரி நம்ம 3000டி ஐரோப்பால 4000டி, 200டி மார்க் 2 ஐரோப்பால 250டி. ஒரே கேமராதான், பேரு மட்டும் வேற.

3000டி தான் இருக்குறதுலயே விலை கம்மி, அத வாங்கிடட்டுமா?

வேணாம்.

சும்மா சொல்லல, இதுல என்னென்ன கழட்டிருக்காங்கன்னு கேளுங்க. லென்ஸ் மாட்டுற வளையம் உலோகம் இல்ல, பிளாஸ்டிக். பின்னாடி ஸ்க்ரீன் 2.7 இன்ச், எடுத்த படம் ஷார்ப்பா இருக்கா இல்லையான்னு அதுல பாத்து சொல்லவே முடியாது. ஆன் ஆஃப் பண்ணத் தனி சுவிட்ச் கெடையாது, மோட் டயல சுத்தி சுத்தித்தான் அணைக்கணும். இதெல்லாம் கூடப் போகட்டும், வ்யூஃபைண்டர்னு கண்ணு வச்சுப் பாக்குற ஓட்டை பக்கத்துல, கண்ணு பவருக்கு ஏத்த மாதிரி திருப்புற குட்டிச் சக்கரம் ஒண்ணு எல்லா கேமராலயும் இருக்குமே, அதையே எடுத்துட்டாங்க. என் மாமா பையன் சோடா புட்டி கண்ணாடி போடுறவன், கடைல இதக் கண்ணுல வச்சுப் பாத்துட்டு "அண்ணே, கேமரா ரிப்பேர், எல்லாம் மங்கலாத் தெரியுது"ன்னான். கண்ணாடிய நெத்தில ஏத்தி விட்டுட்டுப் பாத்திருக்கான். வேற கேமரால சக்கரத்தத் திருப்புனா கண்ணாடி இல்லாமலே ஓரளவு சரியாயிடும், இதுல திருப்ப ஒண்ணுமே இல்ல, கண்ணாடியப் போட்டுக்கிட்டே அமுக்கிப் பாக்க வேண்டியதுதான்.

24 மெகாபிக்ஸல், 18 மெகாபிக்ஸல், ரொம்ப வித்தியாசமா?

இல்ல. நம்ம ஊரு கல்யாண ஆல்பம் 12க்கு 36 தானே, மடிச்சா ஒரு பக்கம் 12க்கு 18 இன்ச். 3000டில வர்ற 18 மெகாபிக்ஸல் படம் 5184க்கு 3456 புள்ளி, அந்தப் பக்கம் முழுக்கப் போட்டாலும் இன்ச்சுக்கு 288 புள்ளி வருது. கண்ணுக்கு அது போதும். 3000டிய வேணாம்னு சொல்ல எவ்ளோவோ காரணம் இருக்கு, மெகாபிக்ஸல் அதுல கடைசி.

சரி, 1500டியா டி3500ஆ?

இதுதான் ரொம்பப் பேரு மாட்டிக்கிற எடம். ரெண்டும் 2018ல வந்தது, ரெண்டுலயும் 24 மெகாபிக்ஸல், ரெண்டுலயும் ஸ்க்ரீன் திரும்பாது, டச் கெடையாது, மைக் மாட்ட ஓட்டை கெடையாது. படத்த மட்டும் வச்சுப் பாத்தா டி3500 ஒரு படி மேல. ராத்திரி வெளிச்சத்துல ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்த எவ்ளோ கூட்டிக் காட்டணும்ங்கிற நம்பர, 3200க்கு ஏத்தினாலும் படம் தாங்கும், நிழலா இருக்குற எடத்த எடிட்டிங்ல வெளிச்சம் பண்ணா புள்ளி புள்ளியா வராது. செகண்டுக்கு 5 படம், 1500டில 3தான். ஓடுற பிள்ளைங்கள, ஜல்லிக்கட்ட எடுக்கும்போது அந்த ரெண்டு படம் எவ்ளோ பெருசுன்னு தெரியும். பேட்டரியும் 1500டில 500 படத்தோட சரி. ஃபோகஸ் பிடிக்கிற புள்ளி 1500டில 9, டி3500ல 11, அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல.

அப்புறம் ஏன் யோசிக்கணும்னா, நிக்கான்லயும் கத்தரி வச்சிருக்காங்க. டி3500ல வைஃபை இல்ல, ப்ளூடூத் மட்டும்தான், படம் ஃபோனுக்கு சின்ன சைஸ்ல மெதுவா வரும். ரிமோட் மாட்ட வழியே இல்ல, ஃபோன் ஆப்ல க்ளிக் பண்ணாதான் உண்டு. வேற வேற வெளிச்சத்துல மூணு படம் தானா எடுக்குற ப்ராக்கெட்டிங் கெடையாது, 1500டில அது இருக்கு. எல்லாத்த விட முக்கியமானது ஃபோகஸ் மோட்டார். அத 50எம்எம் கேள்விக்கிட்ட சொல்றேன், அங்கதான் நான் காசு விட்டேன்.

புதுசா, கடை வாரண்டியோடதான் வேணும்னா 1500டி. நல்ல நிலமைல டி3500 கைக்கு வந்தா யோசிக்காம அதையே எடுங்க. கூட ஒரு அஞ்சாறாயிரம் பொரட்ட முடியும்னா ரெண்டையும் விட்டுட்டு பழைய 200டி இல்ல டி5600 தேடுங்க. டி5600ல 39 ஃபோகஸ் புள்ளி, திரும்புற டச் ஸ்க்ரீன், மைக் ஓட்டைன்னு கழட்டாம விட்டது நெறைய.

கேனான்ல கலர் நல்லா வரும், நிக்கான்ல ஷார்ப்பா வரும்னு சொல்றாங்களே?

ஸ்டுடியோக்காரங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு டீக்கடைல அடிச்சுக்கிறது இது. ஜேபெக்ல, அதாவது கேமராவே சரி பண்ணிக் குடுக்குற படத்துல, கேனான்ல தோல் கலர் கொஞ்சம் செவப்பா இதமா இருக்கும், உண்மைதான். ராவா (RAW, கேமரா கை வைக்காத முழு ஃபைல்) எடுத்து லைட்ரூம்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல போட்டா எது எதுன்னு அவங்களுக்கே தெரியாது. சொந்தக்காரங்க, ஃப்ரெண்டு யாருகிட்டயாவது கேனான் இருந்தா கேனான் வாங்குங்க, நிக்கான் இருந்தா நிக்கான். லென்ஸ் கடன் வாங்கிக்கலாம்ல, அதுதான் நெசமான வித்தியாசம்.

ஃப்ளாஷ் தனியா வாங்கி மாட்டலாமா?

இத வாங்குறதுக்கு முன்னாடி யாரும் சொல்றதில்ல, வாங்கின அப்புறம்தான் தெரியும். கேமரா தலைல ஃப்ளாஷ் சொருகுற எடத்துல பாருங்க, நடுவுல பெருசா வட்டமா ஒரு உலோகப் புள்ளி இருக்கணும். எந்தக் கம்பெனி ஃப்ளாஷும் எந்தக் கேமராலயும் எரியிறது அந்த நடுப் புள்ளியாலதான். கேனான் 3000டி, 1500டி, 200டி மார்க் 2 மூணுலயும் அதத் தூக்கிட்டாங்க. மலிவா வர்ற மேனுவல் ஃப்ளாஷ், ஸ்டுடியோ லைட்டுக்கு மாட்டுற பழைய ட்ரிக்கர் எதையும் இதுல மாட்டினா எரியாது, கேனானுக்குன்னே செஞ்ச ஃப்ளாஷா இருக்கணும், விலை கூட. முதல் 200டில அந்தப் புள்ளி இருக்கு. பேரு ஒண்ணு மாதிரி இருக்கேன்னு குழப்பிக்காதீங்க, 2017ல வந்தது 200டி, 2019ல வந்தது மார்க் 2. ஃப்ளாஷ் வச்சுக் கத்துக்கணும்னு ஆசை இருக்குறவங்களுக்கு பழைய 200டியே மேல்னு நான் சொல்லுவேன். நிக்கான்ல இந்தத் தொல்ல இல்ல.

யூட்யூப் வீடியோவும் எடுக்கணும், எது?

இந்த ஆறுல 200டி, 200டி மார்க் 2 ரெண்டுதான். ட்யூயல் பிக்ஸல் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, மூஞ்சி முன்ன பின்ன நகந்தாலும் ஃபோகஸ் அழகா கூடவே வரும், மைக் மாட்டலாம், ஸ்க்ரீன திருப்பி உங்க மூஞ்சிய நீங்களே பாத்துக்கலாம். 1500டி, டி3500, ஏன் டி5600ல கூட வீடியோல ஃபோகஸ் போயி போயி வரும், சமையல் வீடியோவுக்குக் கூட கடுப்பாயிடும். மார்க் 2ல 4கே இருக்குன்னு விளம்பரம் பாத்திருப்பீங்க, அதுல படம் ஓரமெல்லாம் வெட்டிக்கிட்டு கிட்டக்க வந்துடும், அந்த ட்யூயல் பிக்ஸலும் 4கேல வேல செய்யாது. அதனால ஃபுல் ஹெச்டிலயே எடுங்க.

டபுள் லென்ஸ் கிட் வாங்கலாமா, ஒத்தை லென்ஸா?

கேமராவோட 18-55எம்எம் லென்ஸ் மட்டும் வர்ற கிட் வாங்கிட்டு மிச்சக் காச கைல வைங்க. எம்எம் நம்பர் கூடக் கூட தூரத்துல இருக்குறது பெருசாத் தெரியும். பெரிய ஜூம் வேணும்னு ஆறு மாசம் கழிச்சும் தோணுச்சுன்னா அப்ப செகண்ட் ஹேண்ட்ல 55-250 வாங்கலாம், டபுள் கிட் வாங்கிட்டு அந்த லென்ஸ தொடாமலே விக்கிறவங்க எக்கச்சக்கம். லென்ஸ் மேல கேனான்னா ஐஎஸ், நிக்கான்னா விஆர்னு எழுத்து இருக்கான்னு மட்டும் கடைலயே பாத்துருங்க. கை நடுக்கத்த அடக்குறது அதுதான். அது இல்லாத 18-55உம் இருக்கு, அது இல்லாத 70-300உம் இருக்கு, பாக்க ஒண்ணு போலவே இருக்கும். 300எம்எம்ல விஆர் இல்லன்னா ஸ்டாண்டு போட்டாதான் தப்பிச்சீங்க.

எல்லாரும் 50எம்எம் வாங்கு வாங்குன்னு சொல்றாங்க, ஏன்?

மண்டபத்துல தாலி கட்டுற நேரம்னு வைங்க. கிட் லென்ஸ்ல 55எம்எம்க்கு ஜூம் பண்ணா அபர்ச்சர், அதாவது லென்ஸ் ஓட்டை, எஃப் 5.6க்கு மேல தொறக்காது (எஃப் நம்பர் குறையக் குறைய ஓட்டை பெருசு). வெளிச்சம் பத்தாம ஷட்டர் வேகம் 1/20 செகண்டுக்கு எறங்கிடும், மாப்ள கை ஆட்டுறார், படம் காலி. அதே எடத்துல 50எம்எம் எஃப் 1.8 லென்ஸ்னா ஒன்பது மடங்குக்கு மேல வெளிச்சம் உள்ள வரும், ஷட்டர் 1/200 கிட்டக்க போயிடலாம். ஆனா மண்டப லைட்டுக்கு அடில 1/100ல நிறுத்திக்கிறதுதான் புத்திசாலித்தனம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு நூறு தடவ மினுக்கும், ஷட்டர் அத விட வேகமாப் போனா படத்துல பட்டை பட்டையா விழ வாய்ப்பு இருக்கு. ஷட்டர்ல மிச்சம் பிடிச்சத ஐஎஸ்ஓவ பாதியாக் குறைக்கப் பயன்படுத்திக்கலாம். பின்னாடி பந்தல் சீரியல் லைட்டு எல்லாம் உருண்டை உருண்டையா கரைஞ்சு வர்றது தனி அழகு, கிட் லென்ஸ்ல தலகீழா நின்னாலும் அது வராது.

ஒண்ணு ஞாபகம் வைங்க, இந்தக் கேமராக்கள்ல சென்சார், பழைய ஃபிலிம் அளவுக்கு இருக்குற ஃபுல் ஃப்ரேம் சென்சார விட சின்னது. கேனான்ல 50ஐ 1.6 ஆல பெருக்கிக்கோங்க, 80எம்எம் மாதிரி இருக்கும். நிக்கான்ல 75. வீட்டு ஹால்ல செவுத்துல முதுகு முட்டுற வரைக்கும் பின்னாடி போனாலும் ரெண்டு பேருக்கு மேல படத்துல அடங்காது. வீட்டுக்குள்ள கொழந்தையத்தான் எடுக்கப் போறீங்கன்னா கேனான்ல 24எம்எம் எஃப் 2.8, நிக்கான்ல 35எம்எம் எஃப் 1.8 இன்னும் தோது.

இப்ப அந்த மோட்டார் கதை. நிக்கான் டி3500, டி5600 ரெண்டுலயும் பாடிக்குள்ள ஃபோகஸ் மோட்டார் கெடையாது, லென்ஸ்லயே இருக்கணும். நான் ஆரம்பத்துல வச்சிருந்த நிக்கானும் அந்த ஜாதிதான். பழைய 50எம்எம் எஃப் 1.8 டி ஒண்ணு பாதி விலைல கெடச்சுதுன்னு துள்ளிக் குதிச்சு வாங்கிட்டு வந்தேன், வீட்ல வந்து மாட்டிட்டு பட்டன அரை அமுக்கு அமுக்கினா சத்தமே இல்ல. லென்ஸ் ரிப்பேர்னு கடைக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் சண்ட போட்டேன், அவர் பெரிய பாடி ஒண்ணுல மாட்டிக் காட்டினாரு, சரக் சரக்னு ஃபோகஸ் ஆச்சு. தப்பு என் பேர்லதான். கடைசில ஒரு வருஷம் கைலயே திருப்பித் திருப்பி ஃபோகஸ் பண்ணேன். அதனால நிக்கான்காரங்க லென்ஸ் மேல ஏஎஃப்-எஸ் இல்ல ஏஎஃப்-பின்னு எழுதிருந்தா மட்டும் வாங்குங்க, வெறும் ஏஎஃப் இல்ல கடைசில டின்னு இருந்தா வேணாம். இதுலயும் ஒரு உள்குத்து, ஏஎஃப்-பி லென்ஸ் டி3200, டி5100 மாதிரி பழைய பாடில ஃபோகஸே ஆகாது. கேனான்ல இந்தத் தலைவலி இல்ல, 1987லேர்ந்து வந்த கேனான் இஎஃப் லென்ஸ் எது மாட்டினாலும் ஆட்டோ ஃபோகஸ் ஆகும்.

வேடந்தாங்கல் போயி பறவை எடுக்கணும், 250எம்எம் போதுமா?

கூழைக்கடா பறந்து கரைப் பக்கம் வந்தா போதும். ஏரிக்கு நடுவுல மரத்துல உக்காந்திருக்குற நத்தைகுத்தி நாரைக்கு, சத்தியமா பத்தாது. கேனான்ல 250ங்கிறது 400 மாதிரி இருக்கும், அப்பவும் மரம் முழுசா வரும், நாரை வெள்ளப் புள்ளியா வரும். நவம்பர்லேர்ந்து மார்ச்சுக்குள்ள காலைல வெயில் ஏறுறதுக்கு முன்ன போங்க, ஒத்தப் பறவைய விட்டுட்டு கூட்டமா, மரமும் தண்ணியுமா எடுங்க, அந்தப் படத்துக்கு 250 நல்லாவே வேல செய்யும்.

ஃபுல் ஃப்ரேமே வாங்கிடலாமா?

முதல் கேமராவுக்கு வேணாங்க.

செகண்ட் ஹேண்ட்ல எதப் பாத்து வாங்கணும்?

பகல்ல போங்க, உங்க மெமரி கார்டு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க. நிக்கான்னா ஒரு ஜேபெக் எடுங்க, அந்த ஃபைல்லயே மொத்தம் எத்தன தடவ ஷட்டர் அடிச்சிருக்குன்னு பதிஞ்சிருக்கும், அதப் படிச்சுச் சொல்ற வெப்சைட் நெறைய இருக்கு. டி3500 ஷட்டர் 1 லட்சம் தடவைக்கு சோதிச்சதுன்னு கம்பெனி சொல்லுது, 20 ஆயிரத்துக்குள்ள இருந்தா சந்தோஷம். கேனான்ல இந்த ரக மாடலுக்கு அந்த நம்பர் படத்துக்குள்ள இருக்காது, கேபிள் போட்டு சாஃப்ட்வேர்ல பாக்கணும், விக்கிறவர் "ரொம்பக் கம்மிதான் சார்"னு சொல்றத நம்பிட்டு வராதீங்க.

அடுத்தது, அபர்ச்சர எஃப் 16ல வச்சு வெள்ளச் செவுத்த ஃபோகஸ் இல்லாம ஒரு படம். பெருசு பண்ணிப் பாத்தா கருப்புப் புள்ளி தெரியும், அது சென்சார்ல தூசி. நாலஞ்சு இருந்தா பரவால்ல, க்ளீன் பண்ணிக்கலாம், கோடு மாதிரி இருந்தா கீறலா இருக்கலாம், திரும்பிப் பாக்காம வந்துடுங்க. லென்ஸ கழட்டி ஒரு பக்கம் ஃபோன் டார்ச் அடிச்சு மறுபக்கம் சாய்ச்சுப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி நூல் நூலா இருந்தா ஃபங்கஸ், அதான் பூஞ்சை. குட்டி ஃப்ளாஷ் எழும்புதா, கார்டு ஓட்டைல பின்னு வளைஞ்சிருக்கா, எல்லா பட்டனும் வேல செய்யுதான்னு அமுக்கிப் பாருங்க. கடைசியா பில், பில்லுல இருக்குற சீரியல் நம்பர் பாடிக்கு அடில இருக்குற நம்பரோட ஒத்துப் போகணும். பில் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா, எவ்ளோ மலிவா இருந்தாலும் வேணாம், திருட்டுக் கேமரா நம்ம தலைல விழ வேணாம்.

கடைல பேக், ட்ரைபாட், கார்டு எல்லாம் ஃப்ரீன்னு சொல்றாங்களே?

கார்டு நல்ல கம்பெனியுது 64 ஜிபி, மேல வி30ன்னு (எழுதுற வேகத்தக் குறிக்கிறது) போட்டிருந்தா வாங்கிக்கோங்க, ராவா எடுத்தா கூட 2000 படத்த ஒட்டி வரும். அந்த ட்ரைபாட் துணி காயப் போடலாம். பேக்க கடைசிக் கேள்விக்காக வச்சுக்கோங்க.

லென்ஸ்ல ஃபங்கஸ் வராம எப்படிப் பாத்துக்கிறது?

சென்னைல ஐப்பசி கார்த்திகை மழைக்கு பீரோல துணியே பூக்கும், லென்ஸ் எம்மாத்திரம். எனக்கு போனது கடைல ஃப்ரீயா குடுத்த அந்த ஸ்பாஞ்சு வச்ச பேக்லதான். ஒரு மழைக்காலம் முழுக்க எடுக்காம மூடி வச்சிருந்தேன், தை மாசம் தொறந்தா 18-55 உள்ள வெள்ளையா வேரு விட்டிருக்கு. பேக்குங்கிறது தூக்கிட்டுப் போக, வச்சிருக்க இல்ல.

பெரிய செலவு வேணாம். சமையக்கட்டுல மாவு போட்டு வைக்கிற, ரப்பர் வளையம் வச்ச இறுக்கமான டப்பா ஒண்ணு, அதுக்குள்ள சிலிக்கா ஜெல், ஈரம் காட்டுற குட்டி மீட்டர் ஒண்ணு. மீட்டர் 40லேர்ந்து 50 சதவீதத்துக்குள்ள காட்டினா சரி. 30க்குக் கீழ எறக்காதீங்க, ரப்பரெல்லாம் காஞ்சு போகும். நீல நிற ஜெல் ரோஸ் கலராச்சுன்னா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், புதுசு மாத்துங்க, அதத் தொட்ட கையோட அப்படியே சோறு சாப்பிடப் போகாதீங்க, பிள்ளைங்க கைக்கும் எட்டக் கூடாது. அரிசில போட்டு வைக்கச் சொல்லுவாங்க, அந்த மாவுத் தூசி ஜூம் வளையத்துக்குள்ள போனா அது இன்னொரு ரிப்பேர். ரெண்டு மூணு லென்ஸ் சேந்த பொறவு ஈரத்தத் தானா குறைக்கிற ட்ரை கேபினெட் வாங்கிக்கலாம்.

எங்க வீட்ல அந்த டப்பா முறுக்கு வைக்கிறதுக்குன்னு வாங்கினது, இன்னும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா அதக் கேட்டுட்டுத்தான் இருக்காங்க.